குழந்தை வண்டியில் புறாக்கள்

அந்தக் கருநீலத் தள்ளுவண்டியை நான்கு வெள்ளிக்கிழமைகள் எங்கள் தெரு வழியாக நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே இருந்தவை புறாக்கள்.

வண்டி வந்தது என் மகளுக்காக. என் மனைவி ட்ரூடாவின் சித்தி அதை ஜெர்மனியிலிருந்து ரயிலில் அனுப்பியிருந்தாள். உயரமான சக்கரம், நல்ல ஸ்பிரிங். கல் பாவிய தெருவில் தள்ளினாலும் உள்ளே இருப்பது குலுங்காது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, பந்தயப் புறாக்களை அலுங்காமல் எங்கள் புறாச் சங்கத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான். சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால் பறக்கும் முன்பே பாதி களைத்துவிடும். என் பிரம்புக் கூடை அந்த வண்டிக்குள் அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. அப்போது மார்த்தா பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

முதல் வாரம் ட்ரூடா சிரித்தாள். இரண்டாம் வாரம் விரிப்பில் ஒட்டியிருந்த எச்சத்தைச் சுரண்டித் துவைத்துப் போட்டாள். மூன்றாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கரி வெட்டும் சீமையான எங்கள் சிலேசியாவில் சுரங்கத்தில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் புறா வளர்ப்பார்கள். நாள் முழுக்க இருட்டில் கிடக்கிறவனுக்கு மேலே வந்ததும் ஆகாயத்தைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும். என் புறாக்கூண்டு வீட்டுக்குப் பின்னால், கரி போடும் கொட்டகையின் மேல் இருந்தது. அதில் முப்பது புறாக்கள். அவற்றில் ஒரு ஜோடியை மட்டும் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். பெடை சாம்பல் நிறம், அவளுக்குச் சாம்பலி என்று பெயர். ஆணுக்கு இறக்கையில் நீலப் பட்டை, அதுவே அவன் பெயர்.

அந்த ஜோடியைப் பற்றிச் சங்கத்தில் நான் பிரசங்கமே செய்வேன். முட்டை இட்டுவிட்டால் காலை பத்து மணிக்கு ஆண் வந்து கூட்டருகில் நிற்பான். பெடை எழுந்து இடம் விடுவாள். மாலை நாலு மணிவரை அடைகாப்பது அவன் பொறுப்பு. நாலுக்கு அவள் வருவாள், அவன் இறங்குவான். மழையோ பனியோ, அதில் மாற்றமில்லை. குஞ்சு பொரித்ததும் இரண்டுக்கும் தொண்டைப்பையில் பால் ஊறும். ஆணுக்கும்தான். குஞ்சு தன் அலகை அவன் வாய்க்குள் விட்டுக் குடிக்கும். இதைச் சொல்லும்போது என் குரல் இளகிவிடும். மனிதர்களைவிட மேல் என்பேன். எதிரில் பீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டுவார்கள். எங்களில் ஒருவன்கூடத் தன் பிள்ளைக்குத் துணி மாற்றியவன் இல்லை.

ஒருவன் இருந்தான். அவன் எங்கள் பெஞ்சில் உட்காருவதில்லை.

நோர்பெர்ட் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தான். சுரங்கத்தில் இடது கை விரல்கள் இரண்டு போன பிறகு அவனை விளக்கறையில் போட்டார்கள். இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்து, ஏறி வந்ததும் வாங்கி வைக்கும் வேலை. அவன் மனைவி எல்ஃப்ரீடாவுக்கு ரொட்டிக் கடையில் விடிகாலை வேலை. அதனால் காலையில் பிள்ளையை வண்டியில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு நடப்பது அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன், சங்கத்து வாசல் பெஞ்சில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தபோது அவன் அப்படி வந்தான். நான் எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னேன்:

"அத்தை வர்றாங்கடா. எந்திரிச்சு எடம் குடுங்க."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது. விளக்கு வாங்கும் ஜன்னலில்கூட, "அத்தை, என் விளக்கு" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் அவன் முகம் மாறியதில்லை. மாறாததால் அவனுக்கு அது உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்தது நான்காவது வெள்ளிக்கிழமையைப் பற்றி.

அந்த ஞாயிறு வருஷத்திலேயே நீளமான பந்தயம். மேற்கே எல்லைக்கு அப்பால் அறுநூறு கிலோமீட்டர். வெள்ளி மாலை சங்கத்தில் புறாக்களை ஒப்படைக்க வேண்டும். அவை லாரியில் போகும். ஞாயிறு விடிந்ததும் திறந்துவிடுவார்கள். சாம்பலிக்கு அப்போது ஐந்து நாள் குஞ்சு ஒன்று கூட்டில் இருந்தது. எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது: சின்னக் குஞ்சை விட்டுவிட்டு வந்த பெடையைப்போல வேகமாக வீடு திரும்பும் புறா கிடையாது. அதற்காகவே ஏப்ரலிலிருந்து நாள் கணக்கிட்டு அவளை ஜோடி சேர்த்திருந்தேன். இரண்டு குஞ்சில் ஒன்றை எடுத்து வேறு கூட்டில் வைத்துவிட்டேன், அவள் களைக்காமல் இருக்க. தாயின் தவிப்பைக் குதிரைக்குச் சாட்டைபோலப் பயன்படுத்துகிறோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் எனக்கு விடுப்பு. வீட்டில் பச்சைப் பிள்ளை, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்லி வாங்கியிருந்தேன். அவர் நல்ல மனிதர். திங்களிலிருந்து பன்னிரண்டு நாள் எழுதிக் கொடுத்து, ட்ரூடாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நான் விடுப்பு எடுத்தது சாம்பலிக்காக. பந்தயத்துக்கு முன் தீனியை மாற்ற வேண்டும், குஞ்சைக் கவனிக்க வேண்டும், ஞாயிறு முழுக்க ஆகாயத்தைப் பார்க்க வேண்டும். அவரிடம் சொன்னபோது ட்ரூடா நன்றாகத்தான் இருந்தாள். மூன்றே நாளில் என் பொய் மெய்யாகிவிட்டது.

புதன்கிழமை அவளுக்கு மார்பில் பால் கட்டியது. வியாழன் காய்ச்சல். வெள்ளி மதியம் மருத்துவச்சி வந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. தாமதித்தால் சீழ் பிடித்துவிடும், இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், டாக்டர் நாலு மணியிலிருந்து ஆறு வரைதான் இருப்பார் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

புறாக்களை ஒப்படைக்கும் நேரமும் நாலிலிருந்து ஆறு.

நாலு மணிக்கு நான் வண்டிக்குள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது ட்ரூடா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கோட்டு மாட்டியிருந்தாள். ஜூன் மாதத்தில் கோட்டு.

"பாப்பாவ வண்டில வச்சு நீ தள்ளிட்டு வா, எர்வின். நான் பக்கத்துல நடந்து வர்றேன். என்னால தூக்க முடியல, கை நடுங்குது."

"கூடைய வச்சுட்டேனே. அரை மணில வந்துர்றேன். வந்ததும் போலாம்."

"மொதல்ல என்னக் கொண்டுவிடு. அப்புறம் உன் பறவைங்கள எடுத்துட்டுப் போ."

நான் தெருவைப் பார்த்தேன். வேலை முடிந்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்து வாசலில் பெஞ்சு நிறைந்திருக்கும். டாக்டரிடம் போகும் வழி அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான்.

"தெருவுல ஆளுங்க இருக்காங்க, ட்ரூடா," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புறாவத் தள்ளிட்டுப் போறப்பவும் இருக்காங்களே," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி என்று நான் சொன்னது பொய். சொல்லும்போதே தெரியும். எங்கள் கடிகாரங்கள் இருக்கின்றன. புறா திரும்பி வந்ததும் அதன் காலிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி அதற்குள் போட்டால் நேரம் பதிவாகும். புறாக்களை ஒப்படைக்கும் நாளன்று அந்தக் கடிகாரங்களை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடுக்கி முத்திரை வைப்பார்கள். சரியாக ஆறு மணிக்கு. அதற்கு முன் ஒருவனும் கிளம்ப முடியாது. கடிகாரம் இல்லாவிட்டால் பந்தயம் இல்லை.

சங்கத்தில் ஐந்து மணிக்கு ஒருதரம் எழுந்தேன். கடிகாரத்தை ஸெஃபெலிடம் விட்டுவிட்டுப் போய் வரலாம் என்று தோன்றியது. ஸெஃபெல் சங்கத்தின் செயலாளர், என்னோடு கரி வெட்டுகிறவன். ஆனால் அப்போதுதான் யாரோ சாம்பலியின் ஜோடியைப் பற்றிக் கேட்டார்கள். அவள் இல்லாதபோது ஆண் குஞ்சைப் பார்த்துக்கொள்வானா என்று. நான் மறுபடி உட்கார்ந்தேன். பத்து மணி, நாலு மணி, தொண்டைப்பால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆறரை. காலி வண்டியை வாசலில் நிறுத்தினேன். வீடு அமைதியாக இருந்தது. தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பின்பக்கம் போய்ப் புறாக்கூண்டில் ஏறினேன். ஆம், முதலில் அங்கேதான் போனேன். இத்தனை வருஷத்தில் இந்த வரியை யாரிடமும் சொன்னதில்லை.

நீலப்பட்டை கூட்டில் இருந்தான். அவன் இறங்க வேண்டிய நேரம் கடந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. சாம்பலி வரவில்லை, அவளைத்தான் நான் எடுத்துப் போயிருந்தேனே. அவன் காரணம் கேட்காமல் குஞ்சின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் கை நீட்டியதும் இறக்கையால் ஓர் அடி அடித்தான். நல்லவன்டா நீ என்று மெச்சினேன். அப்போது கீழே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நோர்பெர்ட் முற்றத்தில் நின்றிருந்தான். வேலை உடுப்பு. அந்த மேல்கோட்டுக்குள் ஏதோ வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தான். நான் இறங்கி வந்த பிறகுதான் அது மார்த்தா என்று தெரிந்தது.

அவன் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். ட்ரூடா ஐந்து மணிவரை காத்திருந்திருக்கிறாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பியிருக்கிறாள். பெஞ்சைத் தாண்டி வரவில்லை. சுற்றுப் பாதையில் தண்டவாளத்தோரமாகப் போயிருக்கிறாள். ரயில்வே கேட்டருகில் முடியாமல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிந்து வந்த நோர்பெர்ட் பார்த்து, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அவளுமாக டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறான். சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் உடனே வண்டி வரவழைத்து அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ச்சல் இறங்கினால் பயமில்லை, இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றாராம். பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஒரு பால்பொடி டின்னும் புட்டியும் கொடுத்திருந்தார்கள். அதை அவன் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் திண்டில் வைத்தான்.

நான் கேட்டேன், ட்ரூடா எனக்கு ஏதாவது சொல்லி அனுப்பினாளா என்று. அவன் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தான். மறுபடி கேட்டேன்.

"எல்ஃப்ரீடாகிட்ட விட்டுடச் சொன்னா," என்றான். "உனக்குத் தூக்கத் தெரியாதுன்னு சொன்னா."

"அப்ப ஏன் இங்க கொண்டுவந்த?"

"உன் பிள்ளைடா. வேற எங்க கொண்டுபோவேன்? தெரியலேன்னா கேளு. ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்கேன்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருக்கலாம். சாம்பலி அன்று கூடையில் ஏறியது தெருவுக்கே தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. என் கையை எடுத்துப் பிள்ளையின் முதுகுக்குக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டான். மூன்று விரல் கை. இரண்டு வருஷமாக அவனுக்குப் பெயர் வைத்துச் சிரித்த எனக்கு, ஐந்து விரலும் இருந்தும் அந்தச் சின்ன உடம்பை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பால் முதலில் சூடு அதிகமாயிற்று, பிறகு ஆறிப்போயிற்று. துணியை இரண்டுமுறை தப்பாகக் கட்டினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும் என்பது எனக்குச் செய்தி. ஒரு மாதமாக ட்ரூடா இதைத்தான் செய்துகொண்டிருந்தாள், அதோடு என் சட்டையையும் புறா எச்சம் பட்ட விரிப்பையும் துவைத்துக்கொண்டு. நாலு தடவை நோர்பெர்ட் வீட்டுக் கதவைத் தட்டினேன். நாலு தடவையும் முதல் தடவை போலவே திறந்தான்.

சனி மாலை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது வழக்கம். அன்று போக முடியவில்லை. துணிகளை அலசிக்கொண்டே, போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். குடித்தேன், சுரங்கத்தில் கெட்ட வார்த்தை பேசினேன், வெள்ளிக்கிழமை விரதத்தில் மாமிசம் சாப்பிட்டேன். வருஷக்கணக்காக இதே பட்டியல். மனைவியைக் காத்திருக்க வைத்தேன் என்று ஒருமுறைகூட வாயில் வந்ததில்லை. அதைப் பாவம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று கடவுளிடமே சாக்குச் சொல்லப் பார்த்தேன். வாளியில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அதை ஊற்றிவிட்டு வேறு பிடித்தேன்.

மேலே நீலப்பட்டை இரவு முழுக்கக் கூட்டில் தங்கியிருந்தான். ஆண் புறா இரவில் அடைகாத்து நான் பார்த்ததில்லை. காலையில் தண்ணீர் வைக்கப் போனபோது வேகமாக இறங்கி, நாலு கொத்து தின்று, குடித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். குஞ்சின் தொண்டைப்பை நிறைந்திருந்தது. இரண்டு நாளைக்கு முன் என்றால் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அன்று அவனைப் பார்க்கவே எனக்குக் கூசியது. தீனியை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் திருப்பலி முடிந்து நோர்பெர்ட் வந்தான். எல்ஃப்ரீடா உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் குழம்பும் கொடுத்துவிட்டிருந்தாள். ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி மூலம் ஆஸ்பத்திரியில் விசாரித்திருந்தார்கள். அறுவை முடிந்தது, காய்ச்சல் குறைந்திருக்கிறது, முழுதாக விடவில்லை. இரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். பிரசவ வார்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள். கீழே தோட்டத்தில் நின்றால் ஜன்னலில் வந்து பார்ப்பார்கள்.

"பிள்ளையப் பாத்தா அவளுக்குத் தெம்பா இருக்கும்," என்றான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று அடித்து ஐந்து நிமிஷம். ஆறு மணிக்குத் திறந்துவிட்டிருப்பார்கள். காற்று மேற்கிலிருந்து வீசியது, அவளுக்குச் சாதகமாக. இரண்டு மணிக்கு மேல் எந்த நிமிஷமும் சாம்பலி கூரையில் இறங்கலாம். ஆள் இல்லாவிட்டால் வளையத்தைக் கழற்ற முடியாது. ஏப்ரலிலிருந்து நான் எண்ணி வைத்த நாட்களெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்காக.

என் முகத்தை அவன் படித்துவிட்டான்.

"நான் வேணா பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன். நீ உன் பறவையப் பாரு. இதுல என்ன இருக்கு?"

குத்திப் பேசவில்லை. நிஜமாகவே உதவத்தான் சொன்னான். நான் சரி என்றேன். மார்த்தாவைத் துடைத்து வண்டியில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, வண்டிப் பிடியை அவன் கையில் கொடுத்தேன். அவன் தொப்பியை அழுத்திக்கொண்டு கிளம்பினான். நான் திறந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு மதியம், எல்லாரும் நல்ல உடுப்பில் தெருவில் இருந்தார்கள். சங்கத்து வாசலில் புறா இல்லாதவர்களும், புறா பிந்தி வரும் என்று தெரிந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பெஞ்சருகில் போனதும் ஒருவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான். இரண்டு வருஷத்துக்கு முன் நான் கழற்றிய அதே மாதிரி.

"அத்தை, இப்ப ஊரார் பிள்ளையும் சேத்துக்கிட்டீங்களா?"

பெஞ்சு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது, நான் கற்றுக்கொடுத்தது. அது என் மகளுக்கு மேலாகப் போய் அவன்மேல் விழுந்தது. அவன் பதிலுக்குத் தொப்பியை லேசாக உயர்த்திவிட்டு, கல் இடுக்கில் சக்கரம் மாட்டாமல் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனான்.

நான் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

சாம்பலி அன்றைக்குத் திரும்பி வந்தாள். எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது.

மூச்சிரைக்க அவனருகில் போய், நானே தள்ளுகிறேன் என்றேன். பறவை இப்போது வந்துவிடுமே என்றான். வரட்டும் என்றேன். பிடியைக் கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. என் பக்கத்திலேயே நடந்தான். இரண்டு பேர் நடந்தால் சிரிப்பும் இரண்டாகப் பிரியும் என்று அவனுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னால் பெஞ்சிலிருந்து ஸெஃபெல்தான் ஆரம்பித்தான். "எர்வின், இந்த வாரம் என்ன பறவைடா உள்ள?"

"ரெண்டு அத்தைங்க," என்றான் இன்னொருவன். "இதுல யாரு மூத்தவங்க?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இன்றைக்கு மட்டும்தான், வேறு வழியில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் எழுந்து நின்றிருப்பார்கள், வருத்தப்பட்டிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால், என் மகளைத் தெருவில் தள்ளிக்கொண்டு போவதற்கு ஒரு சாவு பயம் வேண்டியிருந்தது என்று ஆகும். அது உண்மைதான். உண்மை என்பதால்தான் சொல்ல முடியவில்லை.

"என் பொண்ணு," என்றேன். "மார்த்தா."

காது சுட்டது. அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கரி வண்டி போய்க்கொண்டிருந்தது, ஐம்பது பெட்டி இருக்கும். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னேன்:

"அந்தப் பேர வச்சது நான்தான், நோர்பெர்ட்."

"தெரியும். அன்னிக்கே கேட்டேன்." வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "மூடிய இன்னும் கொஞ்சம் இழு. வெயில் கண்ணுல விழுது பாரு."

நான் இழுத்தேன். மேற்கொண்டு பேச அவன் இடம் தரவில்லை. கேட் திறந்ததும், இனி நேர் வழிதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

ஆஸ்பத்திரித் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பூக்கொத்தோடு அண்ணாந்து நின்றிருந்தார்கள். ஜன்னல்களில் பெண்கள் துணி மூட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள், இவர்கள் கீழேயிருந்து கத்தினார்கள். அங்கே பிள்ளை கீழேயும் தாய் மேலேயும் இருந்தது எங்களுக்கு மட்டும்தான். ஒரு தாதியிடம் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் மாடியில் மூன்றாவது ஜன்னலில் ட்ரூடா வந்தாள்.

முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு கையை மார்புக் கட்டோடு சேர்த்து வைத்திருந்தாள். முதலில் வண்டியைத்தான் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால், வாசல்வரை தேடினாள். எல்ஃப்ரீடாவைத் தேடினாள், அல்லது நோர்பெர்ட்டை. பிள்ளையைக் கொண்டுவந்த ஆளை. நான்தான் அந்த ஆள் என்று புரிய அவளுக்கு நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் அங்கே நிற்க வேண்டியிருந்தது.

மார்த்தாவை வண்டியிலிருந்து எடுத்து உயர்த்தினேன். பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்தது. மேலே ட்ரூடா கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினாள். பிறகு தன் பிடரியில் கையை வைத்துக் காட்டினாள். நான் கையை நகர்த்தித் தலைக்குக் கீழே வைத்தேன். இன்னும் மேலே என்று காட்டினாள். வைத்தேன்.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள்.

"குடிச்சாளா?"

"மூணு மணிக்கொருதரம். பன்னண்டுக்குக் குடிச்சா."

"இன்னிக்குத்தானே உன் பந்தயம். யாரு பாக்கறா?"

"யாரும் பாக்கல."

என்னை நல்லவன் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று எனக்குத் திடீரென்று பயமாக இருந்தது. ஒரு பந்தயத்தை விட்டுவிட்டு வந்தவன் என்று. அந்தப் பெயரையும் பொய்யாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. சுற்றிலும் பூக்கொத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆனால் மெதுவாகச் சொன்னால் மேலே கேட்காது.

"ட்ரூடா, லீவு உனக்காக எடுக்கல," என்று கத்தினேன். "பந்தயத்துக்காக எடுத்தேன். உனக்கு ஒடம்பு சரியில்லைன்னு பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமையும் ஆறு மணி ஆகும்னு தெரிஞ்சுதான் அரை மணின்னு சொன்னேன்."

பக்கத்தில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர் நாகரிகமாகத் தன் பூக்களைப் பார்த்துக்கொண்டார். ட்ரூடா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா என்று கீழேயிருந்து தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேட்கவும் துணிந்ததில்லை.

"இன்னும் எத்தன நாள் இருக்கு அந்த லீவு?" என்றாள்.

"அஞ்சு நாள்."

வெகு நேரம் பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தாதி வந்து ஏதோ சொன்னாள், படுக்கச் சொல்லியிருப்பாள்.

"எல்ஃப்ரீடாகிட்ட குடுக்காத," என்றாள் ட்ரூடா. "அவ விடிகாலைல எந்திரிக்கறவ, பாவம். நீயே வச்சுக்க. நாளைக்கு வர்றப்ப தொப்பி போட்டுக் கூட்டிட்டு வா. மேல் அலமாரில மஞ்சத் தொப்பி இருக்கு."

மேல் அலமாரியில் என் பிள்ளைக்குத் தொப்பி இருப்பது எனக்குத் தெரியாது. கொண்டுவருகிறேன் என்று தலையாட்டினேன். அவள் ஜன்னலைச் சாத்தினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும்வரை நான் தலை குனிந்து அங்கேயே நின்றிருந்தேன், அவள் காட்டிய இடத்திலிருந்து கையை எடுக்காமல்.